கூண்டின் அளவு: உணவுக்கான விலங்கு வளர்ப்பும் அறச் சிந்தனையின் மாற்றமும் (1822–2017)

ஆய்வுச் சுருக்கம்

உணவுக்காக விலங்குகளை வளர்ப்பது பற்றிய அறவிவாதம் நெடுங்காலம் கொல்லலாமா, உண்ணலாமா என்னும் இரு வினாக்களையே மையமாகக் கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செறிவுப் பண்ணைமுறை பரவிய பிறகு, கொல்லப்படும் நாள்வரை அவ்விலங்கு எவ்வாறு வாழ்கிறது என்னும் மூன்றாவது வினா தனித்து எழுந்தது. பிரித்தானியாவில் 1964, 1965ஆம் ஆண்டுகளில் இவ்வினா பெற்ற வடிவத்தையும், அது ஐரோப்பியச் சட்டங்களில் அளவுகோலாக மாறிய வரலாற்றையும், இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் அதே வினா அடைந்த நிலையையும் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. முட்டைக்கோழியின் கூண்டு இவ்வாய்வுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. சட்டங்களில் வரும் 'தேவையற்ற' என்னும் அடைமொழி, அளவுகோல் ஒன்று துணை நிற்கும்போதே விலங்குக்குப் பயன்படுகிறது என்பதும், அந்த அளவுகோலே அறவினாவின் எல்லையைக் குறுக்கியும் விடுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: பண்ணை விலங்கு நலம், அடுக்குக் கூண்டு, ரூத் ஹாரிசன், பிராம்பெல் குழு, ஐவகைச் சுதந்திரங்கள், ருக்மிணி தேவி, விலங்குவதைத் தடுப்புச் சட்டம்.

முன்னுரை

புலால் உணவு பற்றிய அறவிவாதம் தமிழுக்குப் புதியதன்று. திருக்குறள் துறவறவியலில் புலால் மறுத்தலை 26ஆம் அதிகாரமாகவும் கொல்லாமையை 33ஆம் அதிகாரமாகவும் வைத்துள்ளது. அவற்றுள் 256ஆம் குறள், கொலையின் பொறுப்பைக் கொல்பவனோடு நிறுத்தாமல் விலை கொடுத்து வாங்குபவன்வரை நீட்டுகிறது. மணிமேகலையில் ஆபுத்திரன் வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவை மீட்கிறான். சமண நூலாகிய நீலகேசியின் கதை, உயிர்ப்பலிக்கு மாற்றாக மண்ணால் செய்த விலங்குருக்களைப் படைக்குமாறு முனிச்சந்திரர் கூறிய அறிவுரையிலிருந்து தொடங்குகிறது.

இவை அனைத்திலும் விவாதப் பொருளாவது கொலையே. விலங்கு வளரும் முறை அங்குத் தனி வினாவாக எழவில்லை. மேய்ச்சல் நிலத்தையும் வீட்டுக் கொட்டிலையும் சார்ந்திருந்த வளர்ப்பில் அடியும் சுமையும் பசியும் இருந்தன. எனினும், அவ்விலங்கால் திரும்ப முடியுமா, படுக்க முடியுமா, இறக்கையை விரிக்க முடியுமா என்று கேட்கவேண்டிய நிலை தோன்றவில்லை. அந்நிலையைத் தோற்றுவித்தது இருபதாம் நூற்றாண்டின் பண்ணை. உண்ணாமையை வலியுறுத்தும் அறமும் உண்பதை ஏற்கும் வழக்கமும் ஒருங்கே எதிர்கொள்ள வேண்டிய புதிய வினா இதுவாகும். இவ்வினா எவ்வாறு உருவாயிற்று, அதற்கு யார் எந்த அளவுகோலால் விடை கூறினர் என்பதைக் கீழ்வரும் பகுதிகள் ஆராய்கின்றன.

1. 'தேவையற்ற' என்னும் அடைமொழி

கால்நடைகளைக் காக்கும் நோக்குடன் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய முதற்சட்டம் 1822ஆம் ஆண்டுக்குரியது. அயர்லாந்தின் கால்வே தொகுதி உறுப்பினர் ரிச்சர்டு மார்ட்டின் முயற்சியால் நிறைவேறிய அச்சட்டம், குதிரை, மாடு, ஆடு முதலியவற்றைக் கொடுமையாக அடிப்பதையும் துன்புறுத்துவதையும் குற்றமாக்கியது. 1824இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இலண்டனில் நிறுவப்பட்டது. இச்சட்டத்தின் மனக்கண்ணில் இருந்த குற்றவாளி, தெருவிலும் சந்தையிலும் சாட்டையை ஓங்கிய வண்டிக்காரனும் மாட்டு வணிகனுமாவர். கொடுமை என்பது ஒருவன் கையால் நிகழும் செயல் என்றே அக்காலச் சட்டம் கருதியது.

பண்ணைக்குள் நிகழும் வழக்கமான செயல்களைப் பற்றிய வினா 1889இல் 'ஃபோர்டு எதிர் வைலி' என்னும் வழக்கில் எழுந்தது. வளர்ந்த மாடுகளின் கொம்புகளை வேரோடு ஒட்ட அறுத்த விவசாயியின் செயல் கொடுமையா என்பதே வழக்கு. கொம்பற்ற மாடுகளை நெருக்கமாகக் கட்டி வளர்க்கலாம், அவை கூடுதல் விலைக்குப் போகும் என்பன எதிர்த்தரப்பின் வாதங்கள். இலாபம் ஒன்றே ஒரு துன்பத்தைத் தேவையானதாக ஆக்கிவிடாது என்றும், நோக்கம் முறையானதாயினும் துன்பம் அந்நோக்கத்துக்கு ஏற்ற அளவினதாக இருத்தல் வேண்டும் என்றும் இங்கிலாந்து நீதிபதிகள் கருதினர். ஆனால், சில ஆண்டுகளுக்கு முன்னரே அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இதே செயல் குற்றமன்று என்னும் தீர்ப்புகள் வந்திருந்தன. செயல் ஒன்று, வலியும் ஒன்று, தீர்ப்புகள் மட்டும் வேறு வேறு.

1911ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'தேவையற்ற துன்பம்' என்னும் தொடரை நிலைப்படுத்தியது. பிற்காலத்தில் பிரித்தானியாவிலும் இந்தியாவிலும் வந்த சட்டங்கள் இத்தொடரின் வழிவந்தவையே. இதன் சிக்கல் வெளிப்படையானது. துன்பம் எது என்பதை ஓரளவு கண்ணால் காணலாம்; எது தேவையற்றது என்பதைக் காண இயலாது. அதனைத் தீர்மானிப்பது வழக்கம். ஒரு தொழிலில் எல்லோரும் செய்வது எதுவோ அது தேவையானதாகக் கொள்ளப்படும். வழக்கமே கொடியதாக மாறும்போது இந்த அடைமொழி செயலற்றுப் போகும்.

2. கூண்டின் வரவு

அவ்வாறு வழக்கம் மாறியது கோழி வளர்ப்பில்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை கோழியை ஆண்டு முழுவதும் வீட்டுக்குள் அடைத்து வளர்க்க இயலவில்லை. வெயில்படாத கோழிகளின் எலும்பு நொய்ந்துபோயிற்று. 1920களில் உயிர்ச்சத்து டி பற்றிய அறிவு வளர்ந்து, அதனைத் தீவனத்தில் சேர்க்க முடிந்தபோது அத்தடை நீங்கியது. செயற்கை ஒளி, நோய்த்தடுப்பு மருந்து, முட்டைக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனங்கள் ஆகியவை பின்தொடர்ந்தன. கம்பிக் கூண்டுகளை வரிசையாகவும் அடுக்காகவும் வைக்கும் முறை அமெரிக்காவில் உருப்பெற்று, இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரித்தானியாவில் விரைந்து பரவியது.

அதற்குரிய சூழலும் அங்கு இருந்தது. போர்க்காலத்தில் தொடங்கிய உணவுப் பங்கீடு 1954இல்தான் முற்றாக முடிவுற்றது. 1947ஆம் ஆண்டின் வேளாண்மைச் சட்டம் உற்பத்திப் பெருக்கத்தை நாட்டின் கடமையாக்கி, விளைபொருள்களுக்கு விலை உறுதி அளித்தது. மலிவான முட்டை எளிய குடும்பத்தின் தட்டுக்கு வந்தது சமூக நலனாகவே கருதப்பட்டது. கூண்டுமுறையின் ஆதரவாளர்கள் கூறிய காரணங்களும் பொய்யல்ல. கோழி தன் எச்சத்திலிருந்து பிரிக்கப்படுவதால் ஒட்டுண்ணி நோய்கள் குறைந்தன. நரியும் பருந்தும் அணுகவில்லை. தீவனமும் நீரும் நாள்தோறும் தவறாமல் கிடைத்தன.

பழைய சட்டத்தின் கண்ணுக்கு இக்கூண்டில் குற்றம் எதுவும் தென்படவில்லை. கோழியை யாரும் அடிக்கவில்லை; யாரும் பட்டினி போடவில்லை; சாட்டையை ஓங்கிய கையே அங்கு இல்லை. கோழி செய்ய விரும்புவன எவையும் செய்ய இயலாத நிலை மட்டுமே இருந்தது. செயலாக நிகழாமல் அமைப்பாக நிலைத்திருக்கும் துன்பத்தை எப்பெயரால் சுட்டுவது என்பதை அறவியலும் சட்டமும் அதுவரை அறிந்திருக்கவில்லை.

3. ரூத் ஹாரிசன்: உண்ணாதவரின் பொறுப்பு

இதற்குப் பெயர் தந்தவர் ரூத் ஹாரிசன் (1920–2000). இவர் விலங்கியலாளரோ கால்நடை மருத்துவரோ அல்லர், குவேக்கர் சமயச் சார்பினர், புலால் உண்ணாதவர். செறிவுப் பண்ணைகளைப் பற்றிய துண்டறிக்கை ஒன்று வீடு தேடி வந்தபோது, தாம் இறைச்சி உண்பவர் அல்லர் என்பதால் இது தம்மைச் சார்ந்ததன்று என்றே அவர் முதலில் கருதினார். பின்னர், ஒன்றும் செய்யாதிருப்பதும் நடப்பதற்கு இடங்கொடுப்பதே என்னும் முடிவுக்கு வந்தார்.

இம்மனமாற்றம் அறவியல் நோக்கில் கருதத்தக்கது. உண்ணாமை ஒருவரைக் கொலையின் பங்கிலிருந்து விடுவிக்கலாம். சமூகம் உண்டுகொண்டிருக்கும்வரை விலங்கின் அன்றாட வாழ்வு பற்றிய பொறுப்பிலிருந்து அது அவரை விடுவிப்பதில்லை. தனிமனித நோன்பாக இருந்த ஒன்று இங்குப் பொதுக்கடமையாக விரிகிறது.

ஹாரிசன் பண்ணைகளை நேரில் கண்டும் தொழில்சார் இதழ்களைத் தொகுத்துப் படித்தும் எழுதிய 'விலங்கு எந்திரங்கள்' என்னும் நூல் 1964இல் வெளிவந்தது. 'மௌன வசந்தம்' நூலால் அறியப்பட்ட ரேச்சல் கார்சன் அதற்கு முன்னுரை எழுதினார். கூண்டுக்கோழி, இருளில் அடைத்து வளர்க்கப்படும் இளங்கன்று, கறிக்கோழி ஆகியவற்றின் வாழ்வை விளக்கிய அந்நூல், விலங்கு என்பது தீவனத்தை இறைச்சியாகவோ முட்டையாகவோ மாற்றும் கருவியாகக் கருதப்படுகிறது என்பதைத் தொழிலாளர்களின் சொற்களைக் கொண்டே காட்டியது. புலால் உண்பதைக் கைவிடுமாறு அது வாசகரை வற்புறுத்தவில்லை. உண்பவரும் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு குறைந்தபட்ச நியாயத்தையே அது வேண்டியது. அதன் தாக்கம் விரிவாக அமைந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

4. பிராம்பெல் குழு: ஐந்து அசைவுகள்

நூல் எழுப்பிய கிளர்ச்சியைத் தொடர்ந்து, பிரித்தானிய அரசு 1964ஆம் ஆண்டிலேயே பேராசிரியர் ரோஜர்ஸ் பிராம்பெல் தலைமையில் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. பிராம்பெல், வேல்சு நாட்டின் பேங்கர் பல்கலைக்கழகக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். விலங்கு நடத்தையியல் அறிஞர் தோர்ப் அக்குழுவில் ஓர் உறுப்பினர். அறிக்கை 1965 டிசம்பரில் வெளிவந்தது.

அறிக்கையின் சிறப்பு இருவகையில் அமைந்தது. முதலாவது, முட்டை எண்ணிக்கை குறையவில்லை என்றால் கோழி நலமாக இருக்கிறது என்று பொருள் எனத் தொழில்துறை முன்வைத்த வாதத்தை அது போதிய சான்றாக ஏற்கவில்லை. உடலின் விளைச்சல் வேறு, உயிரின் நலம் வேறு என்னும் பிரிப்பு அங்கு நிகழ்ந்தது. நலம் என்பது உடல்நலத்தோடு மனநிலையையும் உள்ளடக்கும் என்றும், விலங்கின் உணர்வுகளை அதன் உடலமைப்பு, நடத்தை ஆகியவற்றின் வழி அறிவியல்முறையில் மதிப்பிடலாம் என்றும் அறிக்கை கொண்டது.

இரண்டாவது, அது ஓர் அளவுகோலைத் தந்தது. எவ்வகை வளர்ப்பாயினும் ஒரு விலங்கு இடரின்றித் திரும்பவும், தன் உடலைத் தூய்மைப்படுத்திக்கொள்ளவும், எழவும், படுக்கவும், கைகால்களை நீட்டவும் போதிய இடம் பெற்றிருக்க வேண்டும் என்பதே அது. கோழியின் அலகை வெட்டும் வழக்கத்தைத் தடைசெய்யவும் குழு பரிந்துரைத்தது.

இந்த ஐந்து அசைவுகள் மிகக் குறைந்த வேண்டுகோள் என்பதை எவரும் உணரலாம். எனினும், வரலாற்று நோக்கில் அவை பெரிய மாற்றம். 'தேவையற்ற' என்னும் அடைமொழி, தொழிலின் வழக்கத்தை நோக்கி நின்று பொருள் தேடியது. ஐந்து அசைவுகளோ விலங்கின் உடலை நோக்கி நின்றன. ஒரு பண்ணையில் எல்லோரும் அவ்வாறே செய்கிறார்கள் என்பது இனி விடையாகாது. அங்குள்ள கோழியால் திரும்ப முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

5. கோழியின் விருப்பம்

விலங்குக்கு எது நல்லது என்பதை மனிதர் ஊகித்துச் சொல்வதில் உள்ள இடர் விரைவில் வெளிப்பட்டது. மெல்லிய அறுகோணக் கம்பிவலை கோழியின் காலுக்கு ஏற்றதன்று எனக் கருதிய பிராம்பெல் குழு, கூண்டின் தரைக்குத் தடித்த கம்பியாலான செவ்வகப் பின்னலைப் பரிந்துரைத்திருந்தது. ஹியூஸ், பிளாக் என்னும் ஆய்வாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வில் கோழிகளுக்கே தேர்வுரிமை அளித்துப் பார்த்தனர். அவை குழு விலக்கிய மெல்லிய வலையையே நாடின. கருணையும் அறிவும் உடைய மனிதர்களின் ஊகம்கூடப் பிழைபடலாம் என்பதற்கு இது சான்றாயிற்று.

ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் மேரியன் டாக்கின்சு 1970களில் இத்தேர்வு முறையைக் கூண்டுக்கும் வெளிமுற்றத்துக்கும் இடையே நடத்தினார். கூண்டில் வளர்ந்த கோழிகள் முதலில் பழகிய கூண்டையே தேர்ந்தன. வெளிமுற்றத்தைச் சிலமுறை அறிந்தபின் அதனை நாடின. உணவு கூண்டில் மட்டும் வைக்கப்பட்டபோது, பசித்த கோழிகள் முற்றத்தை விட்டுக் கூண்டுக்குச் சென்றன. இம்முடிவுகள் இருதரப்பாரையும் எச்சரிப்பவை. கூண்டிலிருக்கும் கோழி கூண்டை விரும்புகிறது என்பது அறியாமையின் விளைவாக இருக்கலாம்; வெளியை விரும்பும் கோழிக்கும் அவ்விருப்பம் எல்லாவற்றினும் மேலானதன்று.

டாக்கின்சும் ஹார்டியும் 1989இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, கோழி ஒவ்வோர் அசைவின்போதும் எவ்வளவு பரப்பை அடைக்கிறது என்பதை அளந்தது. நிற்பதற்குச் சராசரியாக ஏறத்தாழ 475 சதுர செ.மீ., திரும்புவதற்கு ஏறத்தாழ 1,270, இறக்கையை அடித்துக்கொள்வதற்கு ஏறத்தாழ 1,880 சதுர செ.மீ. என்பன அவ்வளவுகள். அக்காலத்தில் ஐரோப்பியச் சமூகம் விதித்திருந்த குறைந்தபட்ச இடம் கோழி ஒன்றுக்கு 450 சதுர செ.மீ. ஆகும். அதாவது 21 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம். கூட்டாக வாழும் கூண்டில் ஒன்று ஒதுங்கினால் மற்றொன்று திரும்பலாம் என்பது உண்மையே. எனினும், சட்டம் தந்த பங்கு ஒரு கோழி நிற்பதற்கே முழுமையாகப் போதவில்லை என்பதை இவ்வெண்கள் காட்டின.

6. அளவுகோல் சட்டமான வரலாறு

பிராம்பெல் அறிக்கை உடனடியாகச் சட்டமாகிவிடவில்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டம் பண்ணை விலங்குகளுக்குத் தேவையற்ற வலியையோ தேவையற்ற துயரத்தையோ விளைவிப்பதைக் குற்றமாக்கியது. துயரம் என்னும் சொல் சேர்ந்தது முன்னேற்றம். பழைய அடைமொழி உடன்வந்தது பின்னடைவு. இடவளவு முதலிய விவரங்கள் கட்டாயமற்ற நெறிக்குறிப்புகளாக வெளியிடப்பட்டன. அவை பிராம்பெல் பரிந்துரைகளுக்குக் குறைவாகவே அமைந்ததை ஹாரிசன் தொடர்ந்து கண்டித்தார். 1967இல் ஆம்ப்ஷயரைச் சேர்ந்த பால்பண்ணை விவசாயி பீட்டர் ராபர்ட்சு செறிவுப் பண்ணைமுறைக்கு எதிரான அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். எதிர்ப்பு நகர்ப்புறத்து மென்மனத்தினரிடமிருந்து மட்டும் எழவில்லை என்பதற்கு இது சான்று.

1979இல் அமைக்கப்பட்ட பண்ணை விலங்கு நல மன்றம் ஐந்து அசைவுகளை விரிவாக்கி, பிற்காலத்தில் 'ஐவகைச் சுதந்திரங்கள்' என்று உலகெங்கும் அறியப்பட்ட கோட்பாட்டை வெளியிட்டது. 1993இல் திருத்தம்பெற்ற வடிவில் அவை: பசி, தாகத்திலிருந்து விடுதலை, உறைவிட இடர்ப்பாட்டிலிருந்து விடுதலை, வலி, காயம், நோயிலிருந்து விடுதலை, இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் உரிமை, அச்சம், துயரத்திலிருந்து விடுதலை. முதற்கண் உடலசைவு மட்டுமே பேசப்பட்ட இடத்தில் இப்போது உள்ளத்தின் நிலையும் இடம்பெற்றது.

ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் பிறப்பித்த நெறியாணை, வெறுங்கம்பிக் கூண்டுகளை 2012 சனவரி 1 முதல் தடைசெய்தது. முட்டையிடக் கூடு, அமர்வதற்குக் கழி, கிளறுவதற்குக் கூளம் ஆகியவை கொண்ட கூண்டில் கோழி ஒன்றுக்கு 750 சதுர செ.மீ. இடம் என்பது புதிய விதி. ஹாரிசனின் நூலிலிருந்து இவ்விதி நடைமுறைக்கு வரும்வரை 48 ஆண்டுகள் கடந்தன. சுவிட்சர்லாந்து இதற்குப் பெரிதும் முன்னரே, 1991ஆம் ஆண்டின் இறுதியோடு, வழக்கமான அடுக்குக் கூண்டுகளைக் கைவிட்டிருந்தது. 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கை விலங்குகளை உணர்வுடைய உயிர்கள் எனக் குறித்தது.

7. இந்தியா: அளவில்லாத சொல்

இந்தியாவின் நிலை வேறுவகையானது. அடுக்குக் கூண்டு இங்குப் பரவுவதற்கு முன்னரே, ஹாரிசனின் நூல் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, கூண்டைப் பற்றிய சட்டப்பிரிவு இந்நாட்டில் இருந்தது. அதற்குக் காரணமானவர் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்குவதைத் தடுப்புக்கென ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே விரிவான சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு அளித்த உறுதியை ஏற்று அதனைத் திரும்பப் பெற்றார். அவ்வுறுதியின் விளைவே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியம் தொடக்கத்தில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. ருக்மிணி தேவியே அதன் முதல் தலைவர். ஹாரிசனைப் போலவே இவரும் புலால் உண்ணாதவர். இவர் முயற்சியால் வந்த சட்டமும் உண்பதைத் தடைசெய்யவில்லை.

இச்சட்டத்தின் 11ஆம் பிரிவு, விலங்குக்கு அசைந்தியங்க நியாயமான வாய்ப்புத் தராத உயரம், நீளம், அகலம் கொண்ட கூண்டில் அதனை அடைத்துவைப்பதைக் குற்றமாக்குகிறது. 3ஆம் பிரிவு, விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்தை உறுதிசெய்யும் கடமையுடையவர் என்கிறது. ஆனால் 'நியாயமான வாய்ப்பு' எத்தனை சதுர செ.மீ. என்பதைச் சட்டம் கூறவில்லை. முதல்முறைக் குற்றத்துக்கான தண்டம் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மிகாமலும் இருக்கவேண்டும் என்பது அதன் வாசகம். உணவுக்காக விலங்கைக் கொல்வதற்கு, தேவையற்ற துன்பம் நேராதவரை, விலக்கும் அளிக்கப்பட்டுள்ளது. பழைய அடைமொழி இங்கும் வந்துசேர்ந்திருப்பதைக் காணலாம்.

சட்டம் வந்தபின்னரே கூண்டும் வந்தது. கலப்பின முட்டைக்கோழிகளும் வணிகமுறைத் தீவனமும் 1970களிலிருந்து பரவின. 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தோன்றி, விலை நிர்ணயத்தில் இடைத்தரகரின் ஆதிக்கத்தைக் குறைக்க முயன்றது. வறண்ட நிலப்பகுதியாகிய நாமக்கல், நாட்டின் முதன்மையான முட்டை உற்பத்தி மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. உயர்த்திக் கட்டப்பட்ட கொட்டகைகளில் வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுகள் அமைந்தன. 'நியாயமான வாய்ப்பு' என்னும் சொல் சட்டநூலில் இருந்தது. அக்கூண்டுகளை அளக்க அதனால் இயலவில்லை. இல்லாத அளவை எவரும் மீறியதாகக் கூற முடியாதன்றோ!

இங்கு அறவினா மேலும் சிக்கலாகிறது. தமிழ்நாட்டுச் சத்துணவுத் திட்டத்தில் 1989இல் முட்டை சேர்க்கப்பட்டது. இரு வாரங்களுக்கு ஒன்று என்று தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்னும் நிலையை அது எட்டியது. வீட்டில் முட்டை வாங்க இயலாத குழந்தைக்குப் பள்ளியில் கிடைக்கும் புரதம் இது. இம்முட்டை மலிவாகக் கிடைப்பதற்குக் கூண்டுமுறை ஒரு காரணம். கோழியின் நலம் பேசுவோர் குழந்தையின் நலத்துக்கு விடைகூற வேண்டியவராகின்றனர். போருக்குப் பிந்தைய பிரித்தானியா எதிர்கொண்ட இக்கட்டே இங்கு வேறு வடிவில், கூடுதல் கூர்மையுடன் நிற்கிறது. ஏழைக் குழந்தையின் தட்டைக் காட்டிக் கூண்டை நியாயப்படுத்துவதும், கூண்டைக் காட்டித் தட்டிலிருந்து முட்டையை எடுப்பதும் ஒருபக்கப் பார்வைகளே. கூண்டை விரிவாக்கும் செலவை யார் ஏற்பது என்பதே உண்மையான வினா. அச்செலவை விவசாயியின் மேலோ, குழந்தையின் மேலோ ஏற்றாமல் பொதுநிதி ஏற்பது பற்றிய விவாதம் இன்னும் விரிவாக எழவேண்டியுள்ளது.

ஐவகைச் சுதந்திரங்கள் இந்தியச் சட்டத்துக்குள் நுழைந்தது கோழியின் வழியாக அன்று; காளையின் வழியாக. சல்லிக்கட்டு தொடர்பான நாகராஜா வழக்கில் 2014 மே 7 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஐவகைச் சுதந்திரங்களைச் சட்டத்தின் 3, 11ஆம் பிரிவுகளோடு இணைத்துப் படிக்கவேண்டும் என்றது. பிரித்தானியக் கோழிக்கொட்டகையின் வாழ்வை முன்னிட்டு எழுந்த சிந்தனை, தமிழ்நாட்டு வாடிவாசலை அளக்கும் கோலாக வந்தது வரலாற்றின் எதிர்பாராத திருப்பம். 2017இன் மெரினாப் போராட்டமும் அதனைத் தொடர்ந்த தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தமும், அத்திருத்தத்தை 2023இல் அரசமைப்பு ஆயம் ஏற்றதும் யாவரும் அறிந்தவை. ஆண்டில் சில நாள் ஓடும் காளை பற்றி நாடே விவாதித்தது. வாழ்நாள் முழுவதும் நிற்கும் கோழி பற்றிய விவாதம் அந்த அளவில் எழவில்லை.

அதற்கான முயற்சி சட்ட ஆணையத்தின் 269ஆம் அறிக்கையாக 2017 சூலையில் வந்தது. முட்டைக்கோழி, கறிக்கோழி ஆகியவற்றின் வளர்ப்பையும் போக்குவரத்தையும் ஆராய்ந்த அவ்வறிக்கை, இருவகைக்கும் வரைவு விதிகளை இணைத்திருந்தது. 1960ஆம் ஆண்டின் சொல்லுக்கு அளவு தர முனைந்த ஆவணம் என்னும் வகையில், 57 ஆண்டுகளுக்குப் பின் வந்த அதனை இந்தியாவின் பிராம்பெல் அறிக்கை எனலாம்.

8. அளவுகோலின் எல்லை

அளவுகோல் தந்த பயனோடு அதன் குறையையும் கருதவேண்டும். ஐவகைச் சுதந்திரங்களில் உயிர்வாழும் உரிமை இல்லை. முட்டையினத்தில் பொரிக்கும் ஆண்குஞ்சுகள் முட்டையிடா, கறிக்கும் பயன்படா. ஆதலால் அவை பொரித்த அன்றே கொல்லப்படுகின்றன. கூண்டு எவ்வளவு விரிந்தாலும் இக்கொலை நிற்பதில்லை. கூண்டே இல்லாத திறந்தவெளிப் பண்ணைக்கும் இது பொருந்தும். செருமனி 2022 முதல் இதனைச் சட்டத்தால் தடைசெய்திருப்பது, அளவுகோல் காணாத இடத்தைச் சமூகம் காணத் தொடங்கியிருப்பதன் அடையாளம்.

பீட்டர் சிங்கர் 1975இல் வெளியிட்ட 'விலங்கு விடுதலை' நூல் இக்குறையைக் கோட்பாட்டு நிலையில் விவாதித்தது. பண்ணை வாழ்வின் துன்பத்தை விளக்க ஹாரிசனின் நூலைப் பயன்படுத்திய அவர், சீர்திருத்தத்தோடு நிற்காமல் உண்பதையே வினாவுக்குள்ளாக்கினார். நலவாதம் பயன்பாட்டை ஏற்றுத் துன்பத்தைக் குறைக்க முயல்கிறது. விடுதலைவாதம் பயன்பாட்டையே மறுக்கிறது. முதலாவதற்குச் சட்டத்தில் இடம் கிடைத்ததற்குக் காரணம், அது கொலை பற்றிய வினாவை ஒத்திவைத்தமையே. அந்த ஒத்திவைப்புதான் அதன் வலிமை. அதன் வலுவின்மையும் அதுவே.

இவ்விடத்தில் குறளின் சிந்தனை மீண்டும் பொருள்பெறுகிறது. வாங்குபவன் இல்லையேல் விற்பவன் இல்லை என்னும் தருக்கம் கொலைக்கு மட்டுமன்றி வளர்ப்புக்கும் பொருந்துவது. கூண்டின் அளவைப் பண்ணையாளர் தம் விருப்பத்தால் மட்டும் தீர்மானிப்பதில்லை; முட்டைக்கு வாங்குபவர் தரும் விலையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. பண்ணையாளரை மட்டும் கொடியவராகக் காட்டும் வாதம், அக்குறள் மறுத்த பழைய பிழையையே மீண்டும் செய்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, செறிவுப் பண்ணைமுறை விலங்குத் துன்பத்தைத் தனிமனிதச் செயலிலிருந்து அமைப்பின் இயல்பாக மாற்றியது. அதனைக் காணப் பழைய சட்டமும் பழைய அறமும் போதவில்லை. இரண்டாவது, 'தேவையற்ற', 'நியாயமான' என்னும் அடைமொழிகள் தாமாக எவ்விலங்கையும் காப்பதில்லை. பிரித்தானியாவில் அவற்றுக்கு விலங்கின் உடலைச் சார்ந்த அளவு கிடைத்தபோது மாற்றம் தொடங்கியது. இந்தியாவில் சொல் முன்னரே வந்தும் அளவு வராமையால் சட்டம் பேசாதிருந்தது. மூன்றாவது, அளவு அறத்தின் தொடக்கமே, முடிவன்று. ஆண்குஞ்சின் இறப்பையும் முட்டையின் விலையையும் அதனால் அளக்க இயலாது.

புலால் உண்ணாத இரு பெண்மணிகள், உண்ணும் சமூகத்தில் விலங்கு வாழும் வாழ்வுக்காகச் சட்டத்தை நாடினர். உண்போரும் உண்ணாதோரும் ஒன்றுகூடிப் பேசக்கூடிய தளம் ஒன்று உண்டு என்பதை அவர்கள் முயற்சி காட்டுகிறது. கொலை பற்றிய வினாவில் அவ்விருவகையினரும் உடன்படாமல் இருக்கலாம். நாளை கொல்லப்படவுள்ள கோழி இன்று திரும்பி நிற்க இயல வேண்டும் என்பதில் உடன்படாதிருக்கக் காரணமில்லை.